பதினொன்று நாற்பது

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் கட்டடத்தின் தரையடி கார் நிறுத்தத்தில்
பதினான்காம் எண் தூணருகே
விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை விழுது தொங்குகிறது.
எவர் வீட்டுக் குளியலறையோ கசிகிறது மேலே.
சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று
சுண்ணாம்பை இறக்கிக்கொண்டு வருகிறது நீர்.
நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு.
எண்ணியிருக்கிறேன். எண்ணுவதுதான் என் வேலை.

முன்பு ஜெனரேட்டர் இருந்த பக்கத்து அறையில்
ஒரு மேஜை, ஒரு திரை, காதை மூடும் ஹெட்போன்.
இரண்டு ராத்திரி ரயில் தூரத்திலிருந்து
சுண்ணாம்புக் குன்றுகளின் தேசியப் பூங்கா ஒன்று
ஹார்டு டிஸ்க்கில் வந்து சேரும்,
செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டி.
குகை வாயில்களில் தொங்கும் பெட்டிகள்
இரவும் பகலும் கேட்டதெல்லாம் அதில்.
நான் அங்கே போனதில்லை.

வௌவால் பேச்சு நம் காதுக்கு எட்டாது.
பத்து மடங்கு மெதுவாக்க வேண்டும்.
அப்போது வரும்: டிக். டிக்.
பூச்சி பக்கத்தில் வர வர
டிக்குகள் நெருங்கி நெருங்கி
தையல் மிஷின் ஓரம் அடிப்பதுபோல் ஒரு ர்ர்ர்ர்.
பிறகு நிசப்தம்.
பூச்சி சிக்கியதா, தப்பியதா?
கட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்: முயற்சி.

லாடமூக்கன் ஒரு பத்தி.
இலைமூக்கன் ஒரு பத்தி.
'தெரியவில்லை'தான் எல்லாவற்றிலும் நீளமான பத்தி.
குகையின் அடித்தண்ணீரில்
கண்ணில்லாத மீன்கள் இருக்கின்றனவாம்.
அவை எதுவும் சொல்வதில்லை,
அதனால் என் கோப்பில் இல்லை.

ஐப்பசிக் கோப்பில்தான் முதலில் பார்த்தேன்.
திரையின் அடிவிளிம்பில், மை கொட்டினாற்போல் ஒரு கறை.
பகல் பதினொன்று நாற்பது.
மறுநாளும் பதினொன்று நாற்பது.
மெதுவாக்கினால் அது கேட்காது,
காதுக்குக் கீழே இறங்கிவிடும்.
ஒருநாள் அதன் சொந்த வேகத்தில் ஓடவிட்டேன்.
தும்.
அவ்வளவுதான். யாரோ பெரிய கதவைச் சாத்தினதுபோல.
பிறகு மூன்று விநாடி.
பிறகு, பகலில் தூங்க வேண்டிய அத்தனை பேரும்
ஒரே நேரத்தில்.

குவாரி எல்லைக்கு வெளியேதான்.
ஆனெட் வரைபடத்தை விரித்துக் காட்டினாள்,
பச்சைக் கோடு முடிந்து இரண்டு நகக்கண் தள்ளி.
"அது வௌவால் இல்லையே, விட்டுடு" என்றாள்.
சத்தத்துக்கு எல்லைக்கல் தெரியுமா என்று
குறிப்பில் எழுதப்போய் அழித்துவிட்டேன்.
அறிக்கையில் கேள்விக்குறி போடக் கூடாது.

கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன், கேட்காமல்.
தலைப்பு: தும்.
ஞாயிறுகளில் இல்லை.
ஞாயிறுகளில் வௌவால்கள் நன்றாகத் தூங்கின.
தீபாவளிக்கு இரண்டு நாள் இல்லை.
மற்றபடி கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க,
ஆபீஸ் போகிறவன்போல் சொன்ன நேரத்துக்கு.

தை ஒன்பதாம் நாள்.
தும்.
மூன்று விநாடி.
பத்து.
ஒரு நிமிடம் முழுதாகப் போனது.
ஹெட்போனைக் கழற்றி ஒயரை ஆட்டிப் பார்த்தேன்.
மறுபடி போட்டேன்.
காற்று இருந்தது. எங்கோ நீர் சொட்டியது.
பழகிவிட்டனவா, போய்விட்டனவா?
கட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்: பூஜ்யம்.

அன்றிரவுக் கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும்.
இன்னும் கை வரவில்லை.

இதற்கிடையே அடுக்ககச் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது.
சேஷாத்ரி சாரின் புதுக் கார் பானெட்டில்
வெள்ளைப் பொட்டு விழுகிறது, தேய்த்தால் போவதில்லை.
வாட்ச்மேன் தஸ்ரு நாளை ஏணியும் உளியுமாக வருவான்.
"அஞ்சு நிமிஷ வேலை மேடம்" என்கிறான்.
ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இப்போதைக்கு
என் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து
பதினான்காம் தூணுக்கு நேர்கீழே நிறுத்தியிருக்கிறேன்,
குறுக்காக, பூட்டுப் போட்டு.
சீட்டில் விழட்டும்.
ஒன்று விழுந்தது.
அடுத்ததற்குள் உள்ளே போய்
அந்த இரவைத் திறக்கலாம் என்று
நிற்கிறேன்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.